சிஆர்எம் அனலிஸ்ட் பயிற்சி: நோட்டிலிருந்து தொடங்குவதா, திரையிலிருந்தா?

கேத்தி மேடு

வணக்கம். குன்னூரில் 8 பேருக்கு ஆறு வாரப் பயிற்சி திட்டமிடுகிறோம். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், வாரம் ஐந்து நாள், ஆக 60 மணி நேரம். எல்லோரும் பி.காம்., பி.எஸ்சி. முடித்தவர்கள். தமிழும் படகமும் சரளமாகப் பேசுவார்கள். எக்செல் ஓரளவு வரும், சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரத்தையும் விற்பனையையும் பதியும் மென்பொருள்) தொட்டதில்லை. பயிற்சி முடிந்ததும் இங்குள்ள தேயிலை விற்பனை நிறுவனங்கள், ஹோம்ஸ்டேக்கள், ரிசார்ட்டுகளுக்கு சிஆர்எம் அமைக்கும் குழுக்களில் பிசினஸ் அனலிஸ்டாக (நிறுவனத்துக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதிக் கொடுப்பவராக) உட்கார வேண்டும்.

எனக்குத் தெளிவு வேண்டியது மூன்று விஷயத்தில். ஸோஹோ, சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற இரண்டு சிஆர்எம் மென்பொருளில் எதில் பயிற்சி கொடுப்பது? முதல் வாரமே மென்பொருளைத் திறக்கலாமா, காகிதத்தில் தொடங்குவது நல்லதா? பயிற்சிக்கு எப்படிப்பட்ட தரவைக் கொடுப்பது?

பந்தலூர் தம்பி

முதல் நாளே திறங்க. திரையைப் பார்க்காத அனலிஸ்ட் "வாடிக்கையாளர் பெயர், முகவரி பதிய ஒரு பக்கம் வேண்டும்" என்று நாலு பக்கத்துக்குத் தேவை ஆவணம் எழுதுவார். அது மென்பொருளை வாங்கும்போதே உள்ளே இருக்கிறது. உண்மையில் இல்லாத ஒன்றை, உதாரணத்துக்கு ஒரே டீலுக்குள் (ஒரு விற்பனையின் பதிவுக்குள்) ஐந்து வகைத் தேயிலை மாதிரிக்கும் தனித்தனி முடிவு பதிவதை, ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவார். எது எளிது, எது கடினம் என்ற உணர்வு கை வைத்துப் பார்த்தால்தான் வரும்.

மென்பொருள் விஷயத்தில்: ஸோஹோ சிஆர்எம் இலவசப் பதிப்பில் 3 பயனர் வரை சேர்க்கலாம். 8 பேரை 3, 3, 2 என்று பிரித்து மூன்று கணக்கு தொடங்குங்க. ஒருவர் அட்மின், ஒருவர் விற்பனையாளர், ஒருவர் மேலாளர், வாரம் ஒருமுறை வேடத்தை மாற்றிக்கொள்ளணும். இலவசப் பதிப்பில் பல வசதி கிடையாது, அதனால் ப்ளூபிரிண்ட் (ஒரு நிலைக்கு வேண்டியது முடியாமல் அடுத்ததற்கு நகரவிடாத அமைப்பு) மாதிரியானவற்றுக்கு சோதனைக் காலக் கணக்கை (சில நாள் மட்டும் இலவசமாகக் கிடைக்கும் டிரையல் கணக்கை) ஐந்தாவது வாரத்தில் தொடங்குங்க. முதல் நாளே தொடங்கினால் தேவைப்படும்போது காலம் முடிந்திருக்கும். சேல்ஸ்ஃபோர்ஸில் டெவலப்பர் எடிஷன் இலவசம், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். டிரெயில்ஹெட் என்ற அவர்களுடைய இணையப் பாடங்களும் இலவசம். ஒன்றில் ஆழமாகப் பழகிவிட்டால் இன்னொன்றுக்குப் பெயர்தான் மாறும். சேல்ஸ்ஃபோர்ஸில் ஆப்பர்ச்சூனிட்டி, ஸோஹோவில் டீல். ஒரே வகைப் பதிவுகளை வைக்கும் பகுதிக்கு அங்கே ஆப்ஜெக்ட், இங்கே மாட்யூல்.

குன்னூர் சாரல்

தம்பி, திரை முக்கியம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முதலில் திரையைப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு திரையில் உள்ள கட்டங்களைத்தான் கேள்வியாகக் கேட்பார்கள். "உங்க லீட் சோர்ஸ் என்ன சார்?" (விசாரணை எந்த வழியாக வந்தது) என்று ஒரு தேயிலை வியாபாரியிடம் போய்க் கேட்டால் அவர் ஏதோ ஒன்றைச் சொல்லுவார். அதை எழுதிக்கொண்டு வந்தால் அது தேவை ஆகாது.

முதல் வாரம் முழுக்க நோட்டுதான் என் பரிந்துரை. இங்கே எந்த விற்பனை அலுவலகத்துக்குப் போனாலும் மூன்று இடத்தில் தகவல் இருக்கும்: ஆர்டர் எழுதும் நீள நோட்டு, ஒருவருடைய வாட்ஸ்அப், கணக்கர் வைத்திருக்கும் டேலி. இந்த மூன்றும் ஒரே ஆர்டரைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் அனலிஸ்டின் முதல் வேலை. மூன்றும் ஒத்துப்போகாத இடம்தான் நமக்குத் தேவையான இடம்.

கேள்வி கேட்கும் முறையையும் பழக்க வேண்டும். "நீங்க ஆர்டர் எப்படி எடுப்பீங்க?" என்று கேட்டால் நடக்க வேண்டியதைச் சொல்லுவார்கள். "கடைசியா வந்த பத்து ஆர்டரை நோட்டுல காட்டுங்க, ஒவ்வொண்ணா பார்ப்போம்" என்று கேட்டால் நடந்ததைச் சொல்லுவார்கள். பத்தில் குறைந்தது மூன்று வழக்கத்துக்கு மாறாக இருக்கும். மாதிரி போன கூரியர் திரும்பி வந்திருக்கும், விலை பேசிய பிறகு வகை மாறியிருக்கும், பில் போடும் முன்பே பணம் வந்திருக்கும். ஒவ்வொரு விலகலுக்கும் "இது மாசத்துல எத்தனை தடவை நடக்கும்? அப்போ யார் முடிவு சொல்லுவாங்க?" என்ற இரண்டு கேள்வி போதும். இன்னொன்று, நம் ஊரில் மரியாதைக்காக "ஆமாங்க, அப்படித்தான்" என்று தலையாட்டிவிடுவார்கள். ஆமாம் என்று பதில் வரக்கூடிய கேள்வியே கேட்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் படகம் தெரியும் என்பது பெரிய பலம். கட்டபெட்டு, எடப்பள்ளி பக்கம் அலுவலகத்தில் தமிழில் சுருக்கமாகப் பேசுகிறவர் படகத்தில் முழுசாகச் சொல்லுவார்.

பந்தலூர் தம்பி

அக்கா, ஒரு வாரம் முழுக்கக் காகிதம் என்றால் பிள்ளைகளுக்கு எதற்குச் செய்கிறோம் என்றே புரியாமல் போகும். முதல் நாள் அரை மணி நேரமாவது காட்டுங்க. ஒரு விசாரணை உள்ளே வருவது, அது டீல் ஆவது, அது ரிப்போர்ட்டில் ஒரு எண்ணாகத் தெரிவது, இவ்வளவு போதும்.

குன்னூர் சாரல்

அரை மணி நேரம் சரி. ரிப்போர்ட்டைக் கடைசியில் காட்டாமல் முதலில் காட்டு. அங்கிருந்துதான் பின்னோக்கி வர வேண்டும்.

அதையும் விளக்கிவிடுகிறேன். முதலாளி "எனக்கு எல்லாம் தெரியணும்" என்பார். அதை வைத்து 60 ஃபீல்ட் (நிரப்ப வேண்டிய கட்டம்) போட்டால் ஒன்றையும் யாரும் நிரப்ப மாட்டார்கள். அனலிஸ்ட் கேட்க வேண்டியது: "திங்கட்கிழமை காலையில எந்த எண்ணைப் பார்த்து என்ன முடிவு எடுப்பீங்க?" நேரடி விற்பனை செய்யும் ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்காரர் ஒருவர் "மாதிரி போய் 15 நாளாகியும் பதில் சொல்லாதவங்களுக்கு போன் போடச் சொல்லுவேன்" என்றால், அதற்கு வேண்டியது மாதிரி அனுப்பிய தேதி, முடிவு வந்த தேதி, பொறுப்பாளர் பெயர். மூன்றே ஃபீல்ட். இப்படி ஐந்து முடிவுகளுக்குப் பின்னோக்கிப் போனால் 12 முதல் 15 ஃபீல்டில் வேலை முடிந்துவிடும். எந்த முடிவுக்கும் உதவாத ஃபீல்டை அனலிஸ்டே வெட்ட வேண்டும். அந்தத் துணிச்சலைப் பயிற்சியிலேயே கொடுத்துவிடுங்கள்.

எடப்பள்ளி

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், தரவு. பயிற்சியில் கெட்ட தரவைத்தான் கொடுக்க வேண்டும். 200 வரி எக்செல் ஒன்று தயார் செய்து, அதில் பிழைகளைத் திட்டமிட்டு ஒளித்து வையுங்கள். எத்தனை ஒளித்தோம் என்பது பயிற்சியாளருக்கு மட்டும் தெரிய வேண்டும். நம் ஊர் தரவில் நிச்சயம் இருக்க வேண்டிய பிழைகள்:

முதலில் பெயர். சேல்ஸ்ஃபோர்ஸிலும் ஸோஹோவிலும் லீடில் (புதிதாக விசாரித்தவரின் பதிவில்) கடைசிப் பெயர் கட்டாயம். நமக்கு ஏது கடைசிப் பெயர்? "போ. நஞ்சன்" என்று வந்தால் ஒருவர் நஞ்சனை முதல் பெயரிலும் "போ." என்பதைக் கடைசிப் பெயரிலும் போடுவார், இன்னொருவர் மாற்றிப் போடுவார், மூன்றாமவர் கடைசிப் பெயரில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார். ஒரே விதி வையுங்கள்: தலைப்பெழுத்து முதல் பெயரில், சொந்தப் பெயர் கடைசிப் பெயரில். திரையில் "போ. நஞ்சன்" என்று சரியாகத் தெரியும். இந்த விதி வைத்தால் மின்னஞ்சல் வார்ப்புருவில் வாழ்த்துக்குக் கடைசிப் பெயரைத்தான் இழுக்க வேண்டும், இல்லையென்றால் "வணக்கம் போ." என்று போகும். இந்த இரண்டும் ஒன்றையொன்று பிடித்திருப்பதைக் கண்டுபிடிக்கிறார்களா என்பது நல்ல சோதனை. போஜன், நஞ்சன், பெள்ளி போன்ற பெயர்கள் ஊருக்கு ஊர் பலருக்கு இருக்கும், அதனால் பெயரை வைத்து டூப்ளிகேட் தேடுவதும் பயன்படாது.

அடுத்து ஊர்ப் பெயர். உதகமண்டலம், உதகை, ஊட்டி மூன்றும் ஒரே இடம். ஆங்கில எழுத்தில் எழுதினால் இன்னும் நாலு வடிவம் வரும். எழுதவிடாமல் பிக்லிஸ்ட் (தேர்ந்தெடுக்கும் பட்டியல்) கொடுங்கள். நீலகிரி மாவட்டத்தில் வட்டம் மொத்தம் ஆறுதான்: உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர். கூடவே அஞ்சல் எண் ஃபீல்ட் ஒன்று.

மூன்றாவது எக்செல் செய்கிற வேலை. 0423 என்று தொடங்கும் தரைவழி எண்ணின் முன் சைபர் காணாமல் போகும். 91 சேர்த்த கைபேசி எண் 12 இலக்கம் ஆவதால் எக்செல் அதை 9.19இ+11 என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய கோப்பாக) சேமித்தால் சுருக்கிய வடிவம்தான் கோப்பில் போகும், மீதி இலக்கங்கள் திரும்பக் கிடைக்காது. திறக்கும் முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறிக்க வேண்டும். 05/06/2024 ஜூன் 5ஆ, மே 6ஆ என்பதைக் கணினியின் வட்டார அமைப்பு முடிவு செய்யும். 12க்கு மேற்பட்ட நாள் உள்ள தேதிகள் மட்டும் பிழை காட்டும், மீதி அமைதியாகத் தப்பாக உள்ளே போகும். ஆகவே பிழை வரவில்லை என்பதால் இம்போர்ட் (கோப்பை மென்பொருளுக்குள் ஏற்றுவது) சரியாகிவிடவில்லை. தமிழ் எழுத்து உள்ள கோப்பு யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்கப்படாவிட்டால் கேள்விக்குறிகளாக வரும்.

எடப்பள்ளி

தொடர்ச்சி. தமிழ் எழுத்தில் ஒரு நுணுக்கம் உண்டு, பலருக்கும் தெரிவதில்லை. "கோ" என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் குறியும் கால் குறியும் என இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தரவை இயல்பாக்காத மென்பொருளுக்கு இரண்டும் வேறு. "கோத்தகிரி" என்று தேடினால் பாதி வராது. இம்போர்ட்டுக்கு முன் எல்லா வரிகளையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

டூப்ளிகேட் விஷயத்தில்: நிறுவன வாடிக்கையாளருக்கு ஜிஎஸ்டி எண்தான் சாவி. 15 எழுத்து: முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாடு 33, கேரளா 32, கர்நாடகா 29), அடுத்த பத்து பான் எண். கோழிக்கோட்டிலும் கோவையிலும் கிளை உள்ள ஒரே வியாபாரிக்கு ஜிஎஸ்டி எண் இரண்டு, பான் ஒன்று. அதனால் 3 முதல் 12 வரையுள்ள எழுத்துகளைத் தனி ஃபீல்டாகப் பிரித்து வைத்தால் தாய் நிறுவனத்தையும் கிளைகளையும் இணைக்கலாம். ஜிஎஸ்டி எண் இல்லாத சில்லறைக் கடைக்கு கைபேசி எண். அதிலும் அப்பாவும் மகனும் ஒரே எண்ணைக் கொடுப்பார்கள். எனவே எண் ஒத்தால் பதிவைத் தடுக்காதீர்கள், எச்சரிக்கை மட்டும் காட்டட்டும்.

சேல்ஸ்ஃபோர்ஸில் பழகுகிறவர்களுக்கு ஒன்று கட்டாயம். ரிப்போர்ட்டில் வரும் ரெக்கார்ட் ஐடி (ஒவ்வொரு பதிவின் அடையாளக் குறி) 15 எழுத்து, அதில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடு உண்டு. ஒத்த வரியைத் தேடும் எக்செலின் விலுக்அப் அந்த வேறுபாட்டைப் பார்க்காது. இரண்டு வேறு வாடிக்கையாளர்கள் ஒன்றாகிவிடுவார்கள், எந்தப் பிழைச் செய்தியும் வராது. 18 எழுத்து ஐடியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

பூம்பாறை

கொடைக்கானல் பக்கத்திலிருந்து. தங்குமிடங்களுக்கும் அனுப்பப் போகிறீர்கள் என்றால் ஒன்றை முதலிலேயே சொல்லிக்கொடுங்கள்: சிஆர்எம்மின் வேலை எது இல்லை என்பதை. எந்தத் தேதியில் எந்த அறை காலி என்பது சிஆர்எம்மின் வேலை இல்லை, அதற்கு முன்பதிவு மென்பொருள் தனியாக இருக்கிறது. டீலுக்குள் அறை எண் ஃபீல்ட் போட்டு "இரண்டு பேருக்கு ஒரே அறை கொடுக்காமல் தடுக்க வேண்டும்" என்று எழுதினால் கட்டுபவர் மாதக்கணக்கில் திணறுவார். சிஆர்எம்மில் இருக்க வேண்டியது விசாரணை, யார் கேட்டார், என்ன பதில் சொன்னோம், ஏன் வரவில்லை, மறுபடி எப்போது வந்தார் என்பவைதான்.

தங்குமிட டீலில் எல்லோரும் செய்யும் தப்பு, முடிவு தேதியில் விருந்தினர் வரும் தேதியைப் போடுவது. மே மாதம் தங்க வருகிறவர் பிப்ரவரியில் முன்பணம் கட்டியிருந்தால் டீல் பிப்ரவரியில் முடிந்துவிட்டது. தங்கும் தேதிக்குத் தனி ஃபீல்ட் வேண்டும். இரண்டையும் குழப்பினால் மே மாதத்துக்கு விற்பனை எகிறுவதாகவும் பிப்ரவரியில் யாரும் வேலை செய்யவில்லை என்பதாகவும் ரிப்போர்ட் வரும்.

இழந்த காரணத்தில் "அறை இல்லை" என்பதும் "விலை அதிகம்" என்பதும் தனித்தனியாக இருக்க வேண்டும். சீசனில் இழப்பது பெரும்பாலும் முதல் காரணத்தால், ஆடி மாத மழையில் இழப்பது வேறு காரணத்தால். இரண்டையும் சேர்த்து "மற்றவை"யில் போட்டால் முதலாளி சீசனில் விலையைக் குறைப்பார்.

இ-பாஸ் நல்ல பயிற்சிப் பொருள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. வருவதற்கு மூன்று நாள் முன்னால் "இ-பாஸ் எடுத்துவிட்டீர்களா" என்று நினைவூட்டல் போக வேண்டும் என்பது தேவை. விதிமுறை பிறகு மாறலாம் என்பதால் நாள் எண்ணிக்கையையும் செய்தியின் வாசகத்தையும் அட்மின் மாற்றக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும் என்பதும் தேவையின் பகுதி. இந்த இரண்டாவது பாதியை எழுதுகிறாரா என்று பாருங்கள்.

பந்தலூர் தம்பி

அந்த நினைவூட்டலை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் இரண்டு தடை இருக்கு, அதையும் அனலிஸ்ட்தான் முன்கூட்டியே சொல்லணும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி அனுப்புநர் பெயரும் செய்தி வாசகமும் அதற்கான டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிவாகியிருக்கணும். பதிந்த வாசகத்துக்கும் அனுப்பும் வாசகத்துக்கும் மாறும் இடம் தவிர வேறு வித்தியாசம் இருந்தால் செய்தி போய்ச் சேராது. சிஆர்எம்மில் "அனுப்பப்பட்டது" என்றுதான் காட்டும்.

இன்னொன்று நீளம். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து, தமிழில் 70. அதைத் தாண்டினால் துண்டுக்கு 67 ஆகும், ஒவ்வொரு துண்டுக்கும் காசு. அந்த 70ம் நாம் எண்ணும் எழுத்து இல்லை. "கோத்தகிரி" நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது: ககரம், ஓகாரக்குறி, தகரம், புள்ளி, தகரம், ககரம், இகரக்குறி, ரகரம், இகரக்குறி. தமிழில் மூன்று வரி எழுதினால் மூன்று செய்திக்கான செலவு ஆகிவிடும்.

கேத்தி மேடு

இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. தேயிலைக்கான டீல் நிலைகளை எப்படி வகுப்பது என்று யாராவது சொல்ல முடியுமா? ஏலத்தில் விற்பதும் நேரடி விற்பனையும் ஒரே நிறுவனத்தில் நடக்கிறது.

குன்னூர் சாரல்

ஏலத்தைத் தொடாதீர்கள். குன்னூர் ஏலத்துக்குப் போகும் லாட் (ஏலத்துக்குப் பிரித்த தேயிலைத் தொகுதி) தரகர் வழியாகப் போய், அன்றைய ஏலத்தில் விலை முடிகிறது. அங்கே தொடர்ந்து பேசி வளர்க்க வேண்டிய வாடிக்கையாளர் உறவு சிஆர்எம்மில் வைக்கும் அளவுக்கு இல்லை, கணக்கு மென்பொருள் போதும். அதே மாதிரி பசுந்தேயிலை தரும் சிறு விவசாயி வாடிக்கையாளர் அல்ல, நமக்குப் பொருள் தருகிறவர். இலை எடை, பிடித்தம், பட்டுவாடா எல்லாம் சிஆர்எம்முக்கு வெளியே. இந்த எல்லையை ஒரு பக்கப் படமாக வரையச் சொல்லுங்கள், உள்ளே எது, வெளியே எது என்று. இரண்டாவது வாரத்தின் முக்கியமான பயிற்சி அதுதான்.

நேரடி விற்பனைக்கு நிலைகள்: விசாரணை, மாதிரி அனுப்பியது, சுவை முடிவு வந்தது, விலை ஒப்புதல், முன்பணம் வந்தது, சரக்கு போனது. பெயர் வைப்பது எளிது. ஒவ்வொரு நிலைக்கும் "எதைக் கண்ணால் பார்த்தால் இந்த நிலைக்கு வந்துவிட்டது என்று ஒத்துக்கொள்வோம்" என்பதை எழுதுவதுதான் கடினம். "மாதிரி அனுப்பியது" என்றால் கூரியர் எண் கையில் இருக்க வேண்டும். "பேசியிருக்கோம், அனுப்பிடலாம்" என்பது விசாரணை நிலைதான். "ஆர்வமாக உள்ளார்" என்று ஒரு நிலை வைத்தால் எல்லா டீலும் அங்கே போய் உட்கார்ந்துவிடும், ஏனென்றால் அதை மறுக்க யாராலும் முடியாது.

தம்பி முதலில் சொன்ன ஐந்து மாதிரி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வியாபாரிக்கு ஓபி, பிஓபி, பெக்கோ என்று மூன்று வகையில் 100 கிராம் மாதிரி போகிறது. ஒன்று பிடித்தது, ஒன்று வேண்டாம், ஒன்றுக்குப் பதில் இல்லை. டீலில் "மாதிரி முடிவு" என்று ஒரே ஃபீல்ட் வைத்தால் எதைப் போடுவது? மாதிரி 1, மாதிரி 2, மாதிரி 3 என்று ஃபீல்டை அடுக்குவதும் தப்பு, நாலாவது மாதிரி நாளைக்கே வரும், எந்த வகை அதிகம் பிடிக்கிறது என்று ரிப்போர்ட்டும் எடுக்க முடியாது. மாதிரி என்பது டீலுக்குக் கீழே தனி ரெக்கார்ட். இதை நோட்டிலேயே காட்டலாம்: ஒரு ஆர்டருக்குக் கீழே எத்தனை வரி எழுதியிருக்கிறது என்று பாருங்கள், பல வரி இருந்தால் அது தனி ரெக்கார்ட்.

பந்தலூர் தம்பி

இதற்கு ஸோஹோவின் கட்டணப் பதிப்பில் இரண்டு வழி இருக்கு, சப்ஃபார்ம் (டீலுக்குள்ளேயே வரும் அட்டவணை) அல்லது தனி மாட்யூல். மாதிரிக்குத் தனிப் பொறுப்பாளர், தனி நினைவூட்டல் வேண்டுமென்றால் தனி மாட்யூல். வெறும் வரிப் பட்டியல் என்றால் சப்ஃபார்ம். சேல்ஸ்ஃபோர்ஸில் மாஸ்டர்-டீடெயில் உறவாக (கீழ்ப் பதிவு மேல் பதிவைச் சார்ந்தே இருக்கும் உறவாக) வையுங்க, அப்போதுதான் "மொத்தம் எத்தனை மாதிரி, எத்தனை தேறியது" என்று ரோலப் சம்மரி (கீழ்ப் பதிவுகளின் கூட்டுக் கணக்கு) மேலே வரும். லுக்அப் உறவில் (வெறும் இணைப்பில்) ரோலப் நேரடியாகக் கிடைக்காது.

நிலைகளை ப்ளூபிரிண்ட் போட்டுப் பூட்டிவிடுங்க. கூரியர் எண் இல்லாமல் அடுத்த நிலைக்கு நகரவே முடியாமல் இருக்கணும்.

கட்டபெட்டு

பூட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பூட்டினால் கூரியர் எண்ணில் "123" என்று வரும். கைபேசி எண்ணைக் கட்டாயமாக்கினால் 9999999999 வரும். தகவல் கையில் இல்லாத நேரத்தில் கேட்கப்படும் கட்டாய ஃபீல்ட் பொய்த் தகவலைத்தான் கொண்டுவரும், அது காலியாக இருப்பதைவிடக் கெட்டது. காலியாக இருந்தால் எண்ணலாம், பொய்யை எண்ண முடியாது. புதுப் பதிவுக்குக் கட்டாய ஃபீல்ட் ஐந்துக்கு மேல் வேண்டாம். மீதியை "இந்த வாரம் கூரியர் எண் இல்லாமல் நகர்ந்த டீல்கள்" என்ற ரிப்போர்ட்டில் மேலாளர் பார்க்கட்டும்.

பந்தலூர் தம்பி

விலை ஒப்புதல், முன்பணம் இந்த இரண்டையாவது பூட்டணும் அண்ணா. பணம் சம்பந்தப்பட்டது.

கட்டபெட்டு

முன்பணத்தைப் பூட்டலாம், அதற்கு வங்கிக் குறிப்பு எண் அந்த நேரத்தில் கையில் இருக்கும். விலை ஒப்புதல் பெரும்பாலும் போனில் நடக்கிறது, அதைப் பூட்டினால் மறுபடியும் "123"தான்.

சோதனை பற்றி யாரும் பேசவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சியில் எல்லோரும் அட்மின் கணக்கில் சோதிப்பார்கள். அட்மினுக்கு எல்லாம் தெரியும், எல்லாம் வேலை செய்யும். விற்பனையாளர் உள்ளே வந்ததும் அவருக்கு ஃபீல்டே தெரியாது, அல்லது கூடலூர் ஆள் கோத்தகிரி ஆளின் வாடிக்கையாளர் எண்ணைப் பார்ப்பார். ஆகவே எந்தச் சோதனையும் மிகக் குறைந்த அனுமதி உள்ள பயனராக நுழைந்து செய்தால்தான் செல்லும் என்று விதி வையுங்கள். சோதனை வரியும் தமிழிலேயே எழுதட்டும்: "இப்படி இருக்கும்போது, இதைச் செய்தால், இது நடக்க வேண்டும்". ஒவ்வொன்றுக்கும் எதிர்மறை ஒன்று: "இதைச் செய்தால், இது நடக்கக் கூடாது". சோதனைக்குப் புதிதாகக் கற்பனை செய்யாமல் முதல் வாரம் நோட்டில் பார்த்த அதே பத்து ஆர்டரை, விலகல்களோடு சேர்த்து, மென்பொருளுக்குள் மறுபடி நடத்திப் பாருங்கள்.

ஓர் ஆபத்து. சேல்ஸ்ஃபோர்ஸ் சாண்ட்பாக்ஸில் (சோதனைக்கு எடுக்கும் நகலில்) பயனர்களின் மின்னஞ்சலுக்குப் பின்னால் ".இன்வேலிட்" என்று ஆங்கிலத்தில் தானாகச் சேரும், ஆனால் வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் அப்படியே இருக்கும். புதிதாக எடுத்த சாண்ட்பாக்ஸில் வெளியே மின்னஞ்சல் போவது அடைக்கப்பட்டிருக்கும். யாராவது சோதனைக்காக அதைத் திறந்துவிட்டால் உண்மையான வாடிக்கையாளருக்குச் சோதனைக் கடிதம் போகும். பயிற்சித் தரவில் எல்லா மின்னஞ்சலுக்கும் அந்த வால் சேர்த்தே கொடுங்கள்.

மஞ்சூர் மூடுபனி

சிக்னல் இல்லாத இடம் பற்றி ஒரு வரி. கிண்ணக்கொரை பக்கம் போகிறவர் அங்கேயே பதிய முடியாது, மாலையில் மஞ்சூர் வந்து பதிவார், மழைக்காலத்தில் மண் சரிந்து மின்சாரமும் போனால் மூன்று நாள் கழித்துப் பதிவார். ரெக்கார்ட் உருவான தேதியை வைத்து வாடிக்கையாளர் சந்திப்பை எண்ணினால் அவர் வேலையே செய்யவில்லை என்று வரும். சந்தித்த தேதிக்குத் தனி ஃபீல்ட் வையுங்கள்.

எடப்பள்ளி

நல்ல குறிப்பு. தேதியில் இன்னொன்றும் உண்டு. சேல்ஸ்ஃபோர்ஸ் நேரத்தை உலக நேரத்தில் சேமிக்கிறது, திரையில் மட்டும் நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டுகிறது. டேட்டா லோடரில் (தரவை மொத்தமாக எடுக்கும் கருவியில்) எடுத்தால் உலக நேரமே வரும், ஐந்தரை மணி நேரம் பின்னால். ஜூலை 1 அதிகாலை 2 மணிக்கு இணையத்தில் வந்த ஆர்டர் ஜூன் 30 இரவு 8.30 என்று நிற்கும். திரை ரிப்போர்ட்டும் எக்செல் கணக்கும் மாதக் கடைசியில் மட்டும் ஒத்துப்போகாமல் இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

பூம்பாறை

ஆதார் நகலைப் பற்றியும் பாடத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். விருந்தினரின் அடையாள நகலை டீலில் இணைப்பாகப் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த ரெக்கார்டைப் பார்க்க முடிகிற எல்லோருக்கும் பெரும்பாலும் அந்த இணைப்பும் திறக்கும். 2023இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எதற்காக வாங்குகிறோம் என்பதைச் சொல்லி, பொதுவாக ஒப்புதல் பெற்றுத்தான் பயன்படுத்தச் சொல்கிறது. அனலிஸ்ட் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் எதற்கு, யார் பார்ப்பார், எப்போது அழிப்போம் என்ற மூன்று நெடுவரிசையைத் தேவை ஆவணத்திலேயே நிரப்பட்டும். பதில் இல்லாத வரி தானாக விழுந்துவிடும்.

கேத்தி மேடு

எல்லாவற்றையும் வைத்து அட்டவணையை மாற்றிவிட்டேன். முதல் நாள் அரை மணி ரிப்போர்ட்டும் திரையும், பிறகு வாரம் முழுக்க நோட்டு, நேர்காணல், பத்து ஆர்டர். இரண்டாவது வாரம் எல்லைப் படம், நிலைகள், ரிப்போர்ட்டிலிருந்து பின்னோக்கி ஃபீல்ட் பட்டியல். மூன்றாவது வாரம் ஸோஹோவில் கட்டுவது, தானியங்கி மின்னஞ்சல், நினைவூட்டல். நாலாவது வாரம் 200 வரி இம்போர்ட். ஐந்தில் சோதனை. ஆறில் ஆளுக்கு 40 பதிவுள்ள ஒரு நோட்டு கொடுத்து, அதில் ஒளித்து வைத்த ஆறு விலகலில் எத்தனையைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை வைத்து மதிப்பெண். சரியா?

எடப்பள்ளி

மதிப்பிடும் முறை நன்றாக இருக்கிறது. மூன்றாவது, நாலாவது வாரத்தின் வரிசைதான் ஆபத்து. தானியங்கி மின்னஞ்சல் ஓடிக்கொண்டிருக்கும்போது இம்போர்ட் செய்தால் 200 பழைய வாடிக்கையாளருக்கும் "எங்களோடு இணைந்ததற்கு நன்றி" என்று கிளம்பலாம். சரிபார்ப்பு விதிகளும் பழைய வரிகளைத் திருப்பி அனுப்பும், ஏனென்றால் பழைய நோட்டில் கூரியர் எண்ணே கிடையாது. முதலில் இம்போர்ட், பிறகு தானியக்கம். இம்போர்ட்டையும் ஒரே தடவையில் செய்யவிடாதீர்கள். முதலில் 20 வரி, அதைத் திரையில் திறந்து ஒவ்வொரு ஃபீல்டாக ஒப்பிட்டு, பிறகு 180. ஒவ்வொரு வரியிலும் பழைய நோட்டின் வரிசை எண் ஒரு ஃபீல்டிலும், எந்தத் தொகுதியில் வந்தது என்பது இன்னொன்றிலும் இருக்கட்டும். தப்பாகிவிட்டால் அந்தத் தொகுதியை மட்டும் தேர்ந்து அழிக்கலாம், நோட்டு எண்ணை வைத்து மறுபடி ஏற்றினால் இரட்டிக்காது.

லீடிலிருந்து டீலாக மாற்றும்போது நாம் சேர்த்த ஃபீல்டுகளுக்கு மேப்பிங் (எது எங்கே போக வேண்டும் என்ற இணைப்பு) செய்திருக்கிறதா என்பதையும் அந்த 20 வரியிலேயே பாருங்கள். செய்யாவிட்டால் மாற்றிய பிறகு அந்தத் தகவல் டீலுக்கு வராது.

கேத்தி மேடு

மாற்றிவிட்டேன். மூன்றாவது வாரம் கட்டுவதும் இம்போர்ட்டும், 20, பிறகு 180. நாலாவது வாரம் தானியக்கம். முன்பண நிலைக்கு மட்டும் சரிபார்ப்பு விதியும் ப்ளூபிரிண்ட்டும் ஐந்தாவது வாரம் சோதனைக் காலக் கணக்கில், ஒரு குழு பூட்டியும் ஒரு குழு பூட்டாமலும் கட்டட்டும், யாரிடம் எத்தனை "123" விழுகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். 200 வரிக் கோப்பைத் தயார் செய்யத் தொடங்கிவிட்டேன். எடப்பள்ளி அண்ணா, ஓகாரக் குறி இரண்டு வடிவத்திலும் வருமாறு 15 வரி சேர்க்கிறேன்.

எடப்பள்ளி

சேருங்கள். அதில் ஐந்தை கோத்தகிரியிலும் ஐந்தை கோடநாட்டிலும் வையுங்கள். மீதி ஐந்தை ஊர்ப் பெயரில் வைக்காமல் போஜன் என்ற பெயரில் வையுங்கள், அங்கே யாரும் தேட மாட்டார்கள்.